ரோட்டோருவாவில் கேம்பர்வேனோடு: வெந்நீர் ஊற்று நகரில் தங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், ஆக்லாந்திலிருந்து சுமார் 230 கி.மீ. தெற்கே, ஏரிக்கரையில் இருக்கும் ஊர் ரோட்டோருவா. பூங்காவிலும் சாலையோரச் சாக்கடையிலும் வீட்டுக் கொல்லையிலும் நிலத்திலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். கேம்பர்வேன் (படுக்கை, அடுப்போடு உள்ளேயே தங்கும் வேன்) எடுத்துச் சுற்றுபவர்கள் பெரும்பாலும் இங்கே ஓரிரண்டு இரவு நிறுத்துகிறார்கள். வேனில் தங்குவதற்கென்று சில விதிகள் உண்டு. வெந்நீர் ஊரில் தங்குவதற்கென்று சில உண்டு. இரண்டும் சேரும் இடத்தில் எழும் சந்தேகங்களுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

வெந்நீர் ஊற்றுகள் பல இடங்களில் இருக்க, ரோட்டோருவாவுக்கு ஏன் போக வேண்டும்?

குளியலுக்காகவே திட்டமிட்டுக் கட்டிய ஊர் இது. நிலத்துக்குரிய ஙாத்தி ஃபகாவுவே மக்களுக்கும் (நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளில் ஒரு பிரிவினர்) அரசுக்கும் 1880 நவம்பரில் ஏற்பட்ட ஃபென்டன் ஒப்பந்தம், அதற்கு அடுத்த ஆண்டு வந்த வெந்நீர் ஊற்று மாவட்டச் சட்டம் ஆகியவற்றின் வழியே நகரம் உருவானது. 1908இல் அரசு இங்கே பெரிய குளியல் மாளிகை ஒன்றைத் திறந்தது. பிற்பாடு அருங்காட்சியகமான அந்தக் கட்டடம், நிலநடுக்கத்தைத் தாங்கும் வலு போதாதென்று 2016 நவம்பரில் மூடப்பட்டது. உள்ளே போகும் எண்ணம் இருந்தால் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். வெளியே தோட்டத்தில் நின்று பார்த்தாலும் அழகுதான்.

இந்த நீர் ஒருமுறை கைவிட்டுப் போகப் பார்த்தது. வீடுகளும் விடுதிகளும் தங்கள் தேவைக்கு ஆழ்துளை போட்டு வெந்நீரை இழுத்ததால் ஊற்றுகள் தளர்ந்தன, சில அடங்கின. 1986இல் அரசு தலையிட்டு, போஹுட்டு கெய்சரை (வெந்நீரை மேலே பீய்ச்சும் ஊற்று) சுற்றி 1.5 கி.மீ. வட்டத்துக்குள் இருந்த துளைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் நிலத்தடி நீரின் அழுத்தம் மீண்டும் ஏறியது. போஹுட்டு இன்று 30 மீட்டர் உயரம் வரை பீய்ச்சுகிறதென்றால் அந்த முடிவுக்கும் அதில் பங்குண்டு.

நம் ஊர் ஓட்டுநர் உரிமம் போதுமா?

ஆங்கிலத்தில் அச்சிட்ட அசல் உரிமம் கையில் இருந்தால் போதும். ஆங்கிலத்தில் இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு அல்லது சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். இந்தியா, இலங்கையைப் போல் அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். சாதாரண கார் உரிமத்தில் மொத்த எடை 6,000 கிலோ வரையுள்ள வேனை ஓட்டலாம். திறந்த சாலையில் வேக உச்சம் மணிக்கு 100 கி.மீ. ஆனால் மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் போகும் ஆறு படுக்கை வேன்களுக்கு 90தான். இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. வண்டியின் எடை பதிவுச் சீட்டில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்லாந்திலிருந்து நெடுஞ்சாலை 1இல் தீராவ் வரை வந்து, 5க்குத் திரும்பி, மாமாகு மலைமேட்டைத் தாண்டினால் ரோட்டோருவா. காரில் மூன்று மணி நேரம் ஆகும். வேனில் மூன்றரை என்று வையுங்கள். இரவு முழுக்க விமானத்தில் வந்து இறங்கிய அன்றே இதை ஓட்ட வேண்டாம். முதல் இரவை ஹாமில்டன் பக்கம் கழித்துவிட்டு மறுநாள் போவது நல்லது.

எந்த அளவு வேன் எடுக்கலாம்?

இருவர் என்றால் இரண்டு படுக்கை வேன் போதும். ஆனால் உள்ளேயே டாய்லெட் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். காரணம் அடுத்த பதிலில் வருகிறது. குழந்தைகள் வந்தால், ஏழு வயது நிரம்பும்வரை குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். வேனின் எல்லா இருக்கையிலும் அதைப் பொருத்த முடியாது. பக்கவாட்டில் பார்த்த இருக்கைகளில் நடக்கவே நடக்காது. பதிவு செய்யும்போதே எத்தனை குழந்தை இருக்கை, எந்த வயதுக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டீசல் வண்டிக்குச் சாலைக் கட்டணம் தனி. அங்கே டீசல் விலையில் சாலை வரி சேர்ந்திருக்காது. ஓடிய கிலோமீட்டரைக் கணக்கிட்டு வண்டியைத் திருப்பித் தரும்போது வாங்குவார்கள். வாடகையை ஒப்பிடும்போது இதையும் கூட்டிப் பாருங்கள்.

உயரமான வேனுக்கு வண்டியின் உயரத்தை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம். பெட்ரோல் பங்க் கூரை, அடுக்குமாடி வாகன நிறுத்தம், தாழ்ந்த மரக்கிளை ஆகிய மூன்றும்தான் வேனின் மேல்முனையைக் கிழிப்பவை. கூரையில் படும் அடியைச் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது.

சாலையோரத்தில் இலவசமாகத் தங்க முடியுமா?

சில இடங்களில் முடியும், எல்லா வண்டிக்கும் முடியாது. இப்படி முகாமுக்கு வெளியே தங்குவதற்கான 2011இன் ஃப்ரீடம் கேம்பிங் சட்டம் 2023இல் இறுக்கப்பட்டது. செல்ஃப் கன்டெய்ன்டு (தண்ணீர், கழிவு எல்லாம் வண்டிக்குள்ளேயே அடங்கும்) என்ற சான்று பெற, டாய்லெட் வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் வைத்து எடுக்கும் பெட்டி டாய்லெட் இப்போது கணக்கில் வராது. படுக்கையை விரித்த பிறகும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். மூன்று நாள் தாங்கும்படி ஆளுக்கு 12 லிட்டர் நல்ல தண்ணீர், அதே அளவு கழிவுநீர்த் தொட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டி ஆகியவையும் வேண்டும். புது முறைப்படி தரும் சான்றுச் சீட்டு பச்சை நிறத்தில் முன்கண்ணாடியில் இருக்கும்.

சான்று இருந்தாலும் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஒவ்வொரு ஊராட்சியும் தடை செய்த இடங்களை அறிவித்திருக்கும். மீறினால் நூற்றுக்கணக்கான டாலர் அபராதம், அதுவும் காலையில் கதவைத் தட்டிக் கையில் தருவார்கள்.

எங்கள் கருத்தைக் கேட்டால், இலவச இரவுகளை வேறு ஊர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டோருவாவில் பணம் கொடுத்து, மின் இணைப்புள்ள பவர் சைட்டில் தங்குங்கள். வெந்நீரில் ஊறி வந்த பிறகு ஈரத்துணி உலர்த்த, தலைக்குக் குளிக்க, வேனைச் சூடாக்க அந்த இணைப்பும் அந்தக் குளியலறையும் வேண்டும்.

எந்தப் பக்கம் தங்குவது நல்லது?

ஊருக்குள் இருக்கும் ஹாலிடே பார்க்குகளில் (வேனை நிறுத்தித் தங்கும் கட்டண முகாம்கள்) பலவற்றில் சொந்த வெந்நீர்க் குளங்கள் உண்டு. குளங்களுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்தே போகலாம். கந்தக வாடை தாங்காதவர்களுக்கு டிகிடாபு ஏரிப்பக்கம் சரி. ஊரிலிருந்து சுமார் 10 கி.மீ. தள்ளி, காட்டுக்கு நடுவே நீலத் தண்ணீர்; வாடை அவ்வளவாக எட்டாது.

மூன்றாவது இடம் வைகிட்டே பள்ளத்தாக்கு. ஊருக்குத் தெற்கே சுமார் 30 கி.மீ. தூரத்தில் தே மனரோவா என்ற கொதிநீர் ஊற்று ஒன்றிருக்கிறது. அதன் நீரைக் குளிரவைத்து விடும் குளங்களும், அவற்றை ஒட்டிய சிறு முகாமும் உண்டு. பொதுவாகத் தங்கும் கட்டணத்திலேயே குளம் சேர்ந்துவிடும். பதிவு செய்யும்போது உறுதி செய்யுங்கள். இரவு இருட்டில் குளத்திலிருந்து எழுந்து, இருபது அடி நடந்து சொந்தப் படுக்கையில் விழலாம். வேனில் வருவதன் முழுப் பயனும் கிடைப்பது இங்கேதான். டிசம்பர் கடைசி, ஜனவரி, பள்ளி விடுமுறைகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அந்த அழுகிய முட்டை நாற்றம் உடம்புக்குக் கெடுதலா?

அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. மிக மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு பிடித்துவிடும். திறந்த வெளியில், காற்றோட்டத்தில் வரும் வாடை பெரும்பாலோருக்குத் தொந்தரவு மட்டும்தான். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

இதன் இரண்டு குணங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, இது காற்றைவிடக் கனம்; பள்ளத்திலும் மூடிய அறையிலும் தேங்கும். ரோட்டோருவாவில் மூடிய இடங்களில் இந்த வாயு சேர்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. இரண்டாவது, மூக்கு விரைவில் பழகிவிடும். செறிவு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவுக்குப் போனால் நாற்றமே தெரியாது. அதனால் "வாடை போய்விட்டது" என்பது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வேனுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. கேஸ் கசிந்தால் கீழே வெளியேறட்டும் என்று வேனின் தரையில் துளைகள் வைத்திருப்பார்கள். அதே துளை வழியாகத் தரையிலிருந்து எழும் வாயு உள்ளேயும் வரும். துளைகளை அடைக்கக் கூடாது. அடைத்தால் சமையல் கேஸ் கசிவு உள்ளேயே தங்கும். நிறுத்தும் இடத்தைத்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆவி வரும் சாக்கடை மூடி, வெடிப்பு, காய்ந்து மஞ்சள் படிந்த மண், புல் முளைக்காத வட்டம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். பள்ளமான மூலையை விட்டு, காற்று வீசும் மேட்டைக் கேளுங்கள். இரவில் கூரை ஜன்னலை இரண்டு விரல் அளவுக்குத் திறந்தே வையுங்கள். தலைவலி, கண் எரிச்சல், குமட்டலோடு எழுந்தால் காரணம் ஆராய வேண்டாம். எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள், பிறகு இடத்தை மாற்றுங்கள்.

அறைக்குள் இருக்கும் தனிக் குளத்துக்கும் இதே கவனம் வேண்டும். குளிருகிறதென்று காற்றோட்டப் பலகணிகளை மூடாதீர்கள்.

வேனுக்குள் முட்டை நாற்றம் வருகிறது. ஊர் வாடைதான் என்று விட்டுவிடலாமா?

கூடாது. வேறெந்த ஊரிலும் உடனே சந்தேகப்படும் நாற்றத்தை இங்கே "ஊர் வாடை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அங்கேதான் ஆபத்து. ஊரைத் தவிர மூன்று இடங்களிலிருந்து இந்த நாற்றம் வரலாம்.

முதலில் சமையல் கேஸ். எல்பிஜிக்குத் தானாக மணம் கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்று கந்தகம் கலந்த நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். அது ரோட்டோருவா வாடைக்கு மிக நெருக்கமானது. ஊருக்குள் நுழையும் முன்பே, வாடையில்லாத இடத்தில், ஒரு சோதனை செய்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, சிலிண்டர் வால்வைத் திறந்து, ரெகுலேட்டர் இணைப்பிலும் குழாய் முனைகளிலும் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியால் சோதிக்கவே கூடாது. இந்த ஊரில் தங்கும் இரவுகளில் சமைத்து முடித்ததும் சிலிண்டரையே மூடிவிடுங்கள்.

இரண்டாவது, பேட்டரி. வேனுக்குள் விளக்கு போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் லெட்-ஆசிட் பேட்டரியின் ஒரு செல் பழுதாகி, சார்ஜர் மேலும் மேலும் மின்சாரம் ஏற்றினால் அது ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடும். ஊர் நாற்றமும் பேட்டரி நாற்றமும் ஒரே வாயு, மூக்கால் பிரித்தறிய முடியாது. பேட்டரிப் பெட்டியின் மேல் கை வைத்துப் பாருங்கள். தொட முடியாத சூடு, உப்பிய பக்கங்கள், மின்னழுத்தக் காட்டியில் 14.8 வோல்ட்டுக்கு மேல் விடாமல் நிற்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் வெளியே முகாமின் மின் இணைப்புக் கம்பத்திலிருந்து மின்கம்பியைக் கழற்றுங்கள். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து, வாடகை நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள். பேட்டரியின் இணைப்புகளை நீங்களே கழற்ற வேண்டாம். பொறி பறந்தால், கூடவே வெளிவரும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும்.

மூன்றாவது, கழிவுநீர்த் தொட்டி. சாப்பாட்டுத் துணுக்கு அழுகினாலும், சிங்க் துளைக்கு அடியில் நாற்றத்தைத் தடுத்து நிற்கும் நீர் (நீர்ப்பூட்டு) காய்ந்தாலும் நாற்றம் மேலே ஏறும். தொட்டியைக் காலி செய்து, ஒவ்வொரு சிங்க் துளையிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் குறைந்தால் காரணம் அதுதான்.

எளிய வழி ஒன்று: வேனை விட்டுக் காற்று வரும் திசையில் ஐம்பது மீட்டர் நடந்து போய், ஐந்து நிமிடம் நின்று, திரும்பி வந்து கதவைத் திறங்கள். வெளியே இருப்பதைவிட உள்ளே பலமாக இருந்தால் மூலம் வேனில்தான்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் அடிக்கிறது, ஆனால் அடுப்பே எரியவில்லை. பழுதா?

பல அலாரங்களின் உணர்வி ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜன் சல்பைடுக்கும் கூட எதிர்வினை காட்டும். அதனால் பேட்டரி கெட்டாலும் அடிக்கலாம். எதுவானாலும் மூச்சுக்காற்றில் இருக்கக்கூடாதது இருக்கிறது என்றுதான் பொருள். வெளியே போய், காற்றோட்டம் கொடுத்து, பிறகு தேடுங்கள். அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்க வேண்டாம்.

மின் இணைப்பை எப்படிக் கொடுப்பது?

நீல நிற 16 ஆம்பியர் பிளக் உள்ள கம்பி வேனோடு வரும். கம்பியை முழுதாக அவிழ்த்து விரியுங்கள். சுருளாக விட்டால் உள்ளே சூடேறி உருகும். முதலில் வேன் பக்கம், பிறகு கம்பத்தில் மாட்டி, கம்பத்து சுவிட்சைப் போடுங்கள். கழற்றும்போது இதற்கு நேர் எதிர். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் சுமார் 3,600 வாட். இரண்டாயிரம் வாட் ஹீட்டரும் இரண்டாயிரம் வாட் கெட்டிலும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழும். ரைஸ் குக்கரை ஹீட்டரோடு சேர்த்து ஓட்டலாம்.

டாய்லெட் கழிவை எங்கே, எப்படிக் கொட்டுவது?

டம்ப் ஸ்டேஷன் எனப்படும் கழிவு கொட்டும் இடத்தில் மட்டும். கேம்பர்மேட் செயலியில் இடங்கள் தெரியும். பெரும்பாலான ஹாலிடே பார்க்குகளிலும் உண்டு. கேசட் டாய்லெட்டின் (கழிவு சேரும் பெட்டியான கேசட்டைத் தனியே உருவி எடுக்கும் வகை) கொள்ளளவு 20 லிட்டருக்குள்தான் இருக்கும். இருவருக்கு இரண்டு மூன்று நாள். நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம், முக்கால் ஆனதும் காலி செய்யுங்கள்.

உள்ளே வால்வு மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திறந்திருந்தால் கேசட் வெளியே வராது, இழுத்தால் உடையும். வெளிக்கதவைத் திறந்து கேசட்டை உருவி, ஊற்றும் மூக்கைத் திருப்பி மூடியைக் கழற்றுங்கள். சாய்க்கும்போது காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருங்கள். அதை மறந்தால்தான் குபுக் குபுக்கென்று கொப்பளித்துக் காலில் தெறிக்கும். இரண்டு முறை அலசி, பிறகு இரண்டு லிட்டர் தண்ணீரும் பாட்டிலில் சொன்ன அளவு ரசாயனமும் ஊற்றிப் பூட்டுங்கள். அங்கே அலசுவதற்கு வைத்திருக்கும் குழாயில் குடிநீர் பிடிக்கக் கூடாது. குடிநீர்க் குழாய் தனியே இருக்கும்.

பாத்திரம் கழுவிய தண்ணீரையும் சாலையோர வடிகாலில் விடாதீர்கள். அந்த வடிகால்கள் நேரே ஏரிக்குப் போகின்றன.

எந்தக் குளத்துக்குப் போகலாம்?

ஏரிக்கரையில் உள்ள பாலினீசியன் ஸ்பாவில் இரண்டு வகை நீர் வருகிறது. பிரீஸ்ட் ஊற்றின் நீர் அமிலத்தன்மை கொண்டது. 1878இல் மஹோனி என்ற பாதிரியார் மூட்டுவலியோடு வந்து குளித்துத் தேறினார் என்பதால் அந்தப் பெயர். ரேச்சல் ஊற்றின் நீர் காரத்தன்மையுடையது, தோல் வழுவழுவென்றாகும். இரண்டிலும் இறங்கிப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். 2023இல் திறந்த வை அரிகி, ஙாத்தி ஃபகாவுவே மக்களுக்கே உரியது. மாவோரி முறைப்படி அமைந்த, விலை கூடிய இடம். வடகிழக்கே டிகிடேரேயில் ஹெல்ஸ் கேட் என்ற இடத்தில் சேற்றுக்குளியல் உண்டு.

காசே செலவழிக்காமல் என்றால் குய்ராவ் பூங்கா. ஊர் நடுவே, கால் நனைக்கும் தொட்டிகள் இலவசம். வேலிகளைத் தாண்டாதீர்கள். 2001 ஜனவரியில் அந்தப் பூங்காவிலேயே நிலம் வெடித்துச் சேறும் கல்லும் பறந்தன.

வெந்நீர் மூட்டுவலியையும் தசை இறுக்கத்தையும் சில மணி நேரம் தளர்த்தும், நல்ல தூக்கம் தரும். நோயைக் குணப்படுத்தும் என்று எதிர்பார்த்து மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

தலையை ஏன் நீருக்குள் முக்கக் கூடாது என்கிறார்கள்?

மண்ணைத் தொட்டு வரும் வெந்நீரில் நேக்லீரியா என்ற அமீபா இருக்கலாம். தண்ணீரோடு மூக்குக்குள் போனால் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும். அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது மிகக் கடினம். குடித்தாலோ தோலில் பட்டாலோ வராது, மூக்கு வழியாக மட்டும்தான். எனவே தலை எப்போதும் நீருக்கு மேலே. முங்கிக் குளித்தால்தான் குளியல் என்று வளர்ந்த நமக்கு இது கையைக் கட்டிப்போட்டது போலிருக்கும். ஆனாலும் விட்டுக்கொடுக்கக் கூடாத விதி இது. குழந்தைகள் ஒருவர் முகத்தில் ஒருவர் நீர் அடித்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பாவை அழைத்துப் போகிறோம். எவ்வளவு நேரம் இருக்கலாம்?

ஒரு முறைக்கு 15 நிமிடம், பிறகு வெளியே பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்கலாம். 38 டிகிரிக் குளத்தில் தொடங்குங்கள். 41, 42 டிகிரிக் குளங்களில் ஐந்து நிமிடம் போதும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு வெந்நீரில் அழுத்தம் மேலும் இறங்கும், சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். எழும் முன் ஒரு நிமிடம் படியில் அமரட்டும், கைப்பிடியைப் பிடித்து ஏறட்டும், கூட ஒருவர் நிற்கட்டும். சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்கள் காலால் சூடு பார்க்கக் கூடாது, முழங்கையால் பாருங்கள். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே வர வேண்டும்.

குளித்த உடனே வேனை எடுக்காதீர்கள். அரை மணி நேரம் ஓய்வெடுங்கள். இரவுக் குளியல் என்றால் நடந்து திரும்பும் தூரத்தில் தங்குவதே சரி.

நகைகளைக் கழற்ற வேண்டுமா?

வெள்ளியைக் கட்டாயம் கழற்றுங்கள். கொலுசு, மெட்டி, குழந்தையின் அரைஞாண் எல்லாம் ஒரே குளியலில் கறுத்துவிடும். வெள்ளியும் கந்தகமும் சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆவதால் வரும் கறுப்பு அது. குளத்தில் இறங்காவிட்டாலும், இரண்டு நாள் ஊர்க்காற்றே மங்கச் செய்யும். மெட்டி கழற்றும் வழக்கமில்லை என்றால் கறுக்கும் என்று தெரிந்தே போங்கள். நகைக்குச் சேதமில்லை, மீட்டுவிடலாம். கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளியை அதன்மேல் படும்படி வைத்து, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா தூவிக் கொதிநீர் ஊற்றினால் சில நிமிடத்தில் நிறம் திரும்பும். கல் பதித்ததற்கும் முத்துக்கும் இது ஆகாது.

தாலிச் சங்கிலி 22 காரட் என்றால் பெரும்பாலும் தாங்கும்; அதிலுள்ள செம்பால் இலேசாக மங்கினாலும் மெருகில் போய்விடும். கவரிங் நகையை வேனிலேயே காற்றுப்புகாத உறையில் வைத்துவிடுங்கள்.

என்ன உடை?

நீச்சலுடை. முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை எல்லா இடத்திலும் ஏற்பார்கள். பருத்தி நைட்டி, வேட்டி, உள்ளாடையோடு விடமாட்டார்கள். பழைய, அடர் நிற உடையாக இருக்கட்டும். கந்தக வாடை துணியை விட்டு எளிதில் போகாது. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வராதீர்கள், முடியைத் தூக்கிக் கட்டுங்கள், இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளியுங்கள்.

கெரோசின் க்ரீக் போன்ற இலவச ஓடைகளுக்கு வேனில் போகலாமா?

ஊருக்குத் தெற்கே சுமார் 30 கி.மீ., நெடுஞ்சாலை 5இலிருந்து மண்சாலையில் உள்ளே போக வேண்டும். இரண்டு தடைகள் உண்டு. பல வாடகை ஒப்பந்தங்கள் தார் போடாத சாலையை அனுமதிப்பதில்லை. அங்கே ஏதாவது நேர்ந்தால் முழுச் செலவும் உங்களுடையது. அடுத்து, அங்கே நிறுத்திய வண்டிகளில் திருட்டு நடப்பதுண்டு. கடவுச்சீட்டு முதல் எல்லாமே வேனில் இருக்கும் உங்களுக்கு அது பெரிய இழப்பு. போவதென்றால் ஒருவர் வண்டியோடு இருக்கட்டும். தவ்போ என்ற ஊரில் ஸ்பா தெர்மல் பூங்காவுக்குள் வெந்நீர் ஓடை வைகாட்டோ ஆற்றோடு கலக்கும் இடம் இதைவிட எளிது, அதுவும் இலவசம்.

ஊற்று நீரை வேன் தொட்டியில் பிடித்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நிலத்தடி வெந்நீரில் ஆர்செனிக், போரான் போன்றவை கரைந்திருக்கும். கொதிக்க வைத்தால் அவை போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். குடிநீர் என்று எழுதிய குழாயில், உணவுத் தர ஹோஸில் மட்டும் நிரப்புங்கள்.

சமையலுக்கு என்ன கொண்டுபோகலாம்?

விமான நிலையத்தில் உணவுப் பொருள் எதுவானாலும் அறிவித்துவிடுங்கள். அறிவித்து அவர்கள் எடுத்துக்கொண்டால் பொருள்தான் போகும்; அறிவிக்காமல் மாட்டினால் 400 டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், தேன், வீட்டில் காய்ச்சிய நெய், பால் பண்டங்கள் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதிக் கடைகளில் அரிசி, பருப்பு, பொடி எல்லாம் கிடைக்கும். வேனை எடுத்ததும் அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

வேன் அடுப்பின் பர்னர்கள் சிறியவை, நெருக்கமானவை. பெரிய தோசைக்கல் வைத்தால் சூடு பக்கவாட்டில் பரவி, கண்ணாடி மூடி வெடிக்கும். 22 செ.மீ.க்கு மேல் வேண்டாம். மூடியை அடுப்பு முழுக்க ஆறிய பின்பே இறக்குங்கள். மூன்று லிட்டர் குக்கர் சரியாக உட்காரும். தாளிப்பை ஹாலிடே பார்க் பொதுச் சமையலறையில் வைத்துக்கொண்டால் புகை அலாரமும் அடிக்காது, போர்வையில் வாசமும் ஏறாது.

குளித்துவிட்டு வந்தபின் வேனுக்குள் எல்லாம் ஈரமாகிறதே?

ஈரத்துண்டை உள்ளே தொங்கவிடுவதுதான் காரணம். குளிர்காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, இரவில் உறைபனிகூட விழும். குளிர்ந்த கண்ணாடியில் நீர் படிந்து மெத்தை ஓரத்தில் வடியும். துண்டுகளைப் பார்க்கின் உலர்த்தியில் போடுங்கள், கூரைத் திறப்பை மூடாதீர்கள், காலையில் கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள். குளிர்காலம் என்பதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். வெந்நீரும் ஆவியும் குளிரில்தான் மிக நன்றாக இருக்கும், கூட்டமும் குறைவு.

மாவோரி மக்களின் இடங்களில் எப்படி நடந்துகொள்வது?

ஃபகாரேவாரேவா கிராமத்தில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஊற்று நீரில் சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள். வழிகாட்டியோடு போங்கள், வீடுகளைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். ஊற்றுகளில் காசோ கல்லோ போடாதீர்கள். துவாரம் அடைபடும், அவர்கள் மதிக்கும் நீரை அவமதிப்பதும் ஆகும். ஊற்றில் வெந்த சோளம் கிடைத்தால் தவறாமல் சாப்பிடுங்கள்.

எத்தனை இரவு, எந்த வரிசையில்?

மூன்று இரவு நல்ல அளவு. முதல் இரண்டும் ஊரில்: மாலையில் சேர்ந்து குய்ராவில் கால் நனையுங்கள், மறுநாள் காலை ஃபகாரேவாரேவா, பிற்பகல் ஓய்வு, இருட்டியதும் பாலினீசியன் ஸ்பா. மூன்றாம் நாள் தெற்கே வையோடாபு என்ற வெந்நீர் ஊற்றுப் பூங்கா. லேடி நாக்ஸ் கெய்சர் காலை 10:15க்கு, சோப்புப் பொருள் போட்டுக் கிளப்பப்படுகிறது. பெரிய வேனுக்கு நிறுத்தம் கிடைக்க 9:30க்குள் போய்விடுங்கள். அங்கிருந்து பக்கத்திலேயே வைகிட்டே, மூன்றாம் இரவு. நேரமிருந்தால் நடுவில் வைமாங்கு பள்ளத்தாக்கு. 1886 ஜூன் 10 அன்று தரவேரா எரிமலை வெடித்ததில் உருவான நிலம் அது. அதற்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

வேனைத் திருப்பித் தரும்போது கந்தக வாடைக்குக் கட்டணம் கேட்பார்களா?

வாடைக்காகக் கேட்பது அரிது. காலி செய்யாத டாய்லெட்டுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் நிச்சயம் கேட்பார்கள். முந்தின நாள் இரண்டையும் காலி செய்து அலசுங்கள். ஈரமான நீச்சலுடைகளை மூடிய பையில் போட்டு வண்டியில் வைக்காமல், துவைத்து உலர்த்திவிடுங்கள். திரைச்சீலைகளை விலக்கி, எல்லா ஜன்னலையும் திறந்து ஒரு மணி நேரம் நிறுத்தினால் போதும். டீசல் நிரப்பிய ரசீதையும் கடைசிக் கிலோமீட்டர் எண்ணின் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாலைக் கட்டணக் கணக்கைச் சரிபார்க்க உதவும்.